தானாக வேலை செய்யும் பெட்டி: உங்கள் வீட்டு ரவுட்டர் யாருடைய சொல்லைக் கேட்கிறது?

புதிதாக இணைய இணைப்பு எடுத்த வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் இரண்டு மாறுவதே இல்லை. முதலாவது: “தம்பி, வயரைக் கொழுவிப்போட்டுப் போட்டினம். ஒண்டும் அடிக்கேல்லை, ஒண்டும் எழுதேல்லை. தானா வேலை செய்யுது, எப்பிடி?” இரண்டாவது, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்கப்படுவது: “அப்ப, இது எங்களைப் பாக்குமோ?”

வன்னியில் கணினி திருத்துவதும் இணைப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பதும் எனது தொழில். இரண்டாவது கேள்வியைக் கேட்டுச் சிரிக்கும் இளம் பொடியன்களை எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாட்டில், யார் தடுப்பில் இருந்து வந்தவர் என்று படிவம் நிரப்பியவர்கள் நாங்கள். குடும்பமாக நிறுத்திப் படம் எடுக்கப்பட்டவர்கள். சுவரில் ஒரு புதுப்பெட்டி பச்சை விளக்கோடு இரவு முழுக்கக் கண் சிமிட்டினால் அந்த அனுபவம்தான் முதலில் எழுந்து நிற்கும். ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியாத பயம் எங்களைப் பாதுகாப்பதும் இல்லை. இரவில் ரவுட்டரைக் கழற்றி வைக்கிற வீட்டில், அதே ரவுட்டரின் கடவுச்சொல் எழுதிய ஒட்டுத்தாள் வாசலில் நிற்பவருக்கும் தெரியும்படி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பெட்டிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை, நான் வேலையில் அறிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். வெளியில் இருந்து வரும் செம்புக் கம்பியோ, பைபரோ, கோபுரத்துச் சிக்னலோ கொண்டுவருவதைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவது மொடெம். அப்படி வந்ததை வீட்டில் உள்ள போன்களுக்கும் கணினிகளுக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இன்று இரண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் எல்லோரும் ரவுட்டர் என்றே சொல்கிறோம். ஆனால் தானாக அமைத்துக்கொள்ளும் கதை முழுவதும் மொடெம் பக்கத்தில்தான் நடக்கிறது. நிறுவனத்துக்கு ‘நான் இன்னார்’ என்று சொல்லி உள்ளே போகவேண்டியது அதுதான்.

செம்புக் கம்பிக் காலத்தில் இது கையால் நடந்தது. தொழில்நுட்பவியலாளர் மடிக்கணினியோடு வருவார். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து 8, 35 போன்ற இரண்டு எண்களை அடிப்பார். கம்பியில் எந்தத் தடத்தால் போகவேண்டும் என்பதை அந்த எண்கள் சொல்லும். பிறகு நிறுவனம் தந்த பயனர் பெயர், கடவுச்சொல். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. ஆனால் சின்னப்பிள்ளை ஊசியால் பின்பக்கத் துவாரத்தைக் குத்திவிட்டால் அந்தப் பத்து நிமிட வேலை அழிந்துபோகும். திரும்ப ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிரதான வீதியில் இருந்து உள்ளே போன கிராமங்களில் அந்தக் காத்திருப்பு நாட்கணக்கு. நிறுவனங்களின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இன்னும் பெரிய தலையிடி: இலட்சக்கணக்கான பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். இந்த நிலையில்தான் பெட்டிகள் தம்மைத் தாமே அமைத்துக்கொள்ளப் பழக்கப்பட்டன.

அதில் மிக எளிய உதாரணம், எங்கள் பகுதியில் இன்னும் சில வீடுகளில் இருக்கும் ஓர் ஏற்பாடு: ரவுட்டரின் பின்பக்கத்தில் யு.எஸ்.பி டொங்கிள் ஒன்றைச் செருகி, அதில் வரும் இணைப்பை வீடு முழுக்கப் பகிர்வது. டொங்கிளைச் செருகியவுடன் அது தன்னை மொடெம் என்று சொல்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பழைய டொங்கிள்கள் பல, செருகியவுடன் ‘நான் ஒரு சி.டி’ என்கின்றன. கணினியில் போடவேண்டிய மென்பொருளை டொங்கிளுக்குள்ளேயே வைத்து விற்றதால் வந்த பழக்கம் அது. ரவுட்டர் முதலில் அதன் தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் வாசிக்கிறது. தன்னிடம் உள்ள பட்டியலில் அந்த எண்களைத் தேடி, அதற்குரிய ஒரு சிறு செய்தியை அனுப்பி, ‘சி.டி வேசத்தை விட்டுவிட்டு மொடெமாக மாறு’ என்கிறது. டொங்கிள் ஒருமுறை அணைந்து, வேறு எண்ணோடு மொடெமாகத் திரும்பி வருகிறது.

அதன் பிறகு நடப்பது ஓர் உரையாடல். அந்த உரையாடலின் மொழி 1981இல் அமெரிக்காவில் ஹேய்ஸ் நிறுவனம் தனது ஸ்மார்ட்மொடெமுக்காக உருவாக்கியது. ஒவ்வொரு கட்டளையும் ‘ஏ.ரி’ என்று தொடங்கும். ‘கவனி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் அவை. கவனி, சிம் உள்ளே இருக்கிறதா? கவனி, பூட்டு எண் கேட்கிறதா? கவனி, எந்த வலையமைப்பு? கடைசியில் *99# என்ற இலக்கத்துக்கு ‘அழைப்பு எடு’ என்று சொல்வதோடு இணையம் வந்துவிடும். நாற்பது வருடத்துக்கு முந்திய தொலைபேசி மொடெமின் மொழியில்தான் உங்கள் டொங்கிளோடு ரவுட்டர் இன்னமும் பேசுகிறது.

இந்த வரிசையைத் தெரிந்திருந்தால் பல ‘பழுதுகள்’ பழுதே இல்லை என்பது விளங்கும். மடிக்கணினியில் ஓடும் டொங்கிள் ரவுட்டரில் ஓடாவிட்டால், பெரும்பாலும் ரவுட்டரின் பட்டியலில் அந்த மாதிரி இல்லை என்பதுதான் காரணம். சிம்முக்குப் பூட்டு எண் போட்டிருந்தால் ரவுட்டர் அந்த இடத்திலேயே வாய்மூடி நின்றுவிடும். சிம்மை ஒரு போனில் போட்டுப் பூட்டை எடுத்துவிட்டால் சரி. பெட்டியின் யு.எஸ்.பி துளை போதிய மின்சாரம் கொடுக்காமல் டொங்கிள் விட்டுவிட்டு இயங்குவதும் உண்டு. இவற்றுக்காகப் புது டொங்கிள் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

சிம் நேரடியாகப் போடும் 4ஜி ரவுட்டரில் இந்த உரையாடல் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சிம்முக்குள் பொதுவாக 15 இலக்கம் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாடு. இலங்கைக்கு 413. அடுத்த இரண்டு நிறுவனம். பெட்டி இந்த ஐந்தையும் பார்த்து, எந்த வாசல் பெயரைப் பாவித்து இணையத்துக்குள் போகவேண்டும் என்பதைத் தன் பட்டியலில் இருந்து எடுத்துக்கொள்கிறது. பைபர் பெட்டியில் கதை வேறு. அங்கே பெட்டியின் தொடர் எண்தான் அடையாளம். நிறுவனத்தின் நிலையத்தில் உள்ள இயந்திரம் அந்த எண்ணை அடையாளம் கண்டு, உங்களுக்கு என்ன வேகம், தொலைபேசி உண்டா, தொலைக்காட்சி உண்டா என்பதைப் பைபர் வழியாகவே கொடுக்கிறது. அதனால்தான் ஒரு வீட்டுப் பைபர் பெட்டியைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் கொழுவினால் சாதாரணமாக வேலை செய்யாது.

இதுவரை சொன்னது இணைப்பு எடுக்கும் கட்டம். “பாக்குமோ?” என்ற கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. இணைப்பு வந்த பிறகு பல பெட்டிகள் இன்னொரு வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன: நிறுவனத்தின் முகாமைத்துவ சேவர் ஒன்றைத் தொடர்புகொள்கின்றன. இதற்கான பொது நடைமுறையை 2004 மே மாதம், அப்போது டி.எஸ்.எல் போரம் என்று அழைக்கப்பட்ட தொழில்துறை அமைப்பு வெளியிட்டது. பெயர் ரி.ஆர்-069. அந்த அமைப்பு பின்னர் புரோட்பாண்ட் போரம் ஆனது. உலகின் பெரும்பாலான வீட்டு இணைய நிறுவனங்கள் இதையோ இதன் வாரிசுகளையோதான் பாவிக்கின்றன.

நடைமுறை இப்படி. பெட்டி உயிர்பெற்றதும் சேவருக்கு ஒரு தகவல் அனுப்புகிறது: என்னைச் செய்தவர் இவர், எனது மாதிரி இது, தொடர் எண் இது, இப்போதுதான் எழும்பினேன். சேவர் ‘சரி’ என்கிறது. பிறகு பெட்டி, ‘எனக்கு ஏதும் வேலை இருக்கிறதா?’ என்று கேட்கும் விதமாக வெறும் செய்தி ஒன்றை அனுப்புகிறது. இப்போது சேவரின் முறை. இந்த அமைப்பின் பெறுமதியைச் சொல், அந்த அமைப்பை இப்படி மாற்று, புதிய மென்பொருளை இந்த இடத்தில் இருந்து எடுத்துப் போடு, அணைந்து எழும்பு, அல்லது எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குப் போ. வேலை முடிந்ததும் இருவரும் பிரிகிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் பெட்டி திரும்பவும் அழைத்து, ‘இருக்கிறேன்’ என்று சொல்லும்.

நிறுவனத்துக்கு அவசரமாக ஏதும் செய்யவேண்டி வந்தால்? நீங்கள் உதவிச் சேவைக்கு அழைத்து இணைப்பு இல்லை என்கிறீர்கள், அவர்கள் அங்கிருந்தே பார்க்கவேண்டும். இதற்கு எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றே நல்ல உவமை: மிஸ்ட் கோல். சேவர் உங்கள் பெட்டியின் 7547 என்ற வாசலில் ஒரு தட்டுத் தட்டுகிறது. தட்டியவரோடு பெட்டி கதைப்பதில்லை. தட்டியவர் சரியான கடவுச்சொல்லைத் தந்தால், தன்னிடம் ஏற்கனவே பதிந்திருக்கும் சேவர் முகவரிக்குத் தானே திருப்பி அழைக்கிறது. நல்ல யோசனைதான். தட்டியவர் பொய்யராக இருந்தாலும் அழைப்பு உண்மையான நிறுவனத்துக்குத்தானே போகும். இந்த 7547ஐ நினைவில் வைத்திருங்கள். பின்னால் வரும்.

இந்த வழியால் நிறுவனம் எதைப் பார்க்கலாம்? வைபையின் பெயர். இணைப்பின் தரம். எவ்வளவு தரவு போனது, வந்தது. மென்பொருளின் பதிப்பு. வைபை கடவுச்சொல்லை மாற்றலாம். தரநிலைப்படி, அதைத் திருப்பிக் கேட்டால் வெறுமையாகவே பதில் வரவேண்டும், ஆனால் எல்லாப் பெட்டிகளும் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை. இவை எல்லாவற்றையும் விட எங்களுக்கு முக்கியமான ஒன்று, வீட்டு வலையமைப்பில் உள்ள சாதனங்களின் பட்டியல். ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் உள்ள வன்பொருள் எண், அதோடு அந்தச் சாதனம் தனக்கு வைத்திருக்கும் பெயர். பலர் போனை வாங்கிய நாளில் கேட்கப்பட்ட இடத்தில் தங்கள் முழுப்பெயரையும் அடித்திருப்பார்கள். அந்தப் பெயர் பட்டியலில் அப்படியே நிற்கும். இரண்டு கிழமை விடுமுறையில் வந்த வெளிநாட்டு உறவினரின் போனும் வைபையில் சேர்ந்த நாளில் இருந்து அந்தப் பட்டியலில் தெரியும். போனின் அமைப்புகளில் ‘சாதனத்தின் பெயர்’ என்ற இடத்தில் வெறும் ‘போன்’ என்று மாற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

எதைப் பார்க்க முடியாது? சாதாரண வீட்டு ரவுட்டரில் கமராவும் இல்லை, மைக்கும் இல்லை. வீட்டில் கதைப்பதை அது கேட்காது. வட்ஸ்அப்பில் எழுதுவதையும் பேசுவதையும் இந்த வழியால் வாசிக்க முடியாது. 2016 ஏப்ரல் முதல் அந்தச் செய்திகள் அனுப்புபவரின் போனில் பூட்டப்பட்டுப் பெறுபவரின் போனில்தான் திறக்கப்படுகின்றன. இடையில் உள்ள ரவுட்டருக்கு அது பூட்டிய பெட்டகம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு பெட்டியின் மென்பொருளையே மாற்றக்கூடியவரால் அந்தப் பெட்டியை எப்படியும் நடத்தலாம். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று குறித்துவைக்கச் சொல்லலாம். பூட்டைத் திறக்கத்தான் முடியாது.

ஆனால் அந்தக் குறிப்பை எடுக்க நிறுவனத்துக்கு உங்கள் வீட்டுப் பெட்டியே தேவையில்லை. உங்களிடம் இருந்து புறப்படும் எல்லாமே அவர்களின் வலையமைப்பு வழியாகத்தான் போகின்றன. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, யாருடைய வீட்டு ரவுட்டரையும் தொட்டு அது செய்யப்படவில்லை. நிறுவனங்களின் பக்கத்திலேயே வழி மறிக்கப்பட்டது. ஆகவே கண்காணிப்புப் பற்றிக் கவலைப்படுபவர்கள் சுவரில் உள்ள பெட்டியைக் கழற்றுவதால் பெரிதாக எதுவும் மாறாது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராடும் தாய்மாரின் குழுச் செய்திகள் வெளியே போகுமானால், பெரும்பாலும் போன் இன்னொருவர் கைக்குப் போவதால் போகும். அல்லது குழுவில் உள்ள ஒருவர் திரையைப் படம் பிடித்து அனுப்புவதால் போகும். வட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி ஏதும் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது, ரவுட்டரை இரவில் அணைப்பதைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

அப்படியென்றால் தானாக அமையும் பெட்டியில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அது நிறுவனத்துக்காகத் திறந்த வாசலால் வேறு ஆட்கள் நுழையும் ஆபத்து. இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் கதை ஜேர்மனியில் நடந்தது.

2016 நவம்பர் 27, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியின் மிகப்பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான டொய்ச்ச டெலிகொமின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் செயலிழந்தன. அங்கே தொலைபேசியும் தொலைக்காட்சியும் அதே பெட்டி வழியாகத்தான் என்பதால் பல வீடுகளில் மூன்றும் ஒன்றாக நின்றன. காரணம், மிராய் என்ற தீங்குநிரலின் புதிய வடிவம் ஒன்று உலகம் முழுவதும் உள்ள பெட்டிகளின் 7547ஆம் வாசலைத் தட்டிக்கொண்டு போனது. அயர்லாந்தில் பாவிக்கப்பட்ட ஒரு மொடெமில் உள்ள ஓட்டை அதே மாத ஆரம்பத்தில்தான் பகிரங்கமாகியிருந்தது. ஓட்டை மிக எளியது. வீட்டுக்குள் இருந்து மட்டும் பாவிக்கவேண்டிய ஓர் அமைப்பு வசதி, வெளி வாசலிலும் திறந்திருந்தது. ‘நேரம் கேட்கவேண்டிய சேவரின் பெயரை மாற்று’ என்று சொல்லி, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை வைத்தால், பெட்டி அதைப் பெயர் என்று நினைக்காமல் நிறைவேற்றிவிடும். அந்தக் கட்டளை தீங்குநிரலை இறக்கி நிறுவும். பிறகு அந்தப் பெட்டியும் மற்றப் பெட்டிகளைத் தட்டப் புறப்படும்.

ஜேர்மனியப் பெட்டிகளில் அந்தத் தந்திரம் உண்மையில் பலிக்கவில்லை. அவை தொற்றுக்கு உள்ளாகவில்லை. வந்து குவிந்த தட்டல்களைத் தாங்கமுடியாமல் மூச்சுத் திணறி நின்றன. அதாவது 9 இலட்சம் வீடுகள் இருளானது ஒரு தோல்வியடைந்த தாக்குதலின் பக்கவிளைவு. பிரித்தானியாவில் போஸ்ட் ஒபிஸ், ரோக்ரோக் ஆகியவற்றின் இணைய வாடிக்கையாளர்களும் அந்த நாட்களில் இதே மாதிரியான தாக்குதலில் மாட்டினார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் லண்டன் லூட்டன் விமானநிலையத்தில் ஒரு பிரித்தானியர் கைதானார். ஜேர்மனி தனது இலக்கே அல்ல என்றும், ஆபிரிக்காவின் லைபீரியாவில் ஒரு தொலைபேசி நிறுவனத்தைத் தாக்குவதற்கு அதன் போட்டி நிறுவனம் ஒன்று 10,000 டொலர் கொடுத்தது என்றும் அவர் கொலோன் நீதிமன்றத்தில் சொன்னார். 2017 ஜூலையில் அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட 1 வருடம் 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. லைபீரியாவில் இரண்டு வியாபாரிகளின் சண்டைக்கு, அந்த நாட்டின் பெயரையே கேட்டிராத ஜேர்மனியக் குடும்பங்கள் தொலைபேசியை இழந்தன. சம்பந்தமில்லாத சண்டையில் அகப்படுவது எப்படி என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அது முடிந்த விதம். டெலிகொம் தன் வலையமைப்பில் தாக்குதலை வடிகட்டியது. திருத்திய மென்பொருளை அவசரமாகத் தயாரித்தது. பிறகு வாடிக்கையாளர்களிடம் கேட்டது ஒன்றுதான்: பெட்டியை மின்சாரத்தில் இருந்து கழற்றிக் கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பக் கொழுவுங்கள். எழும்பிய பெட்டி வழமைபோல நிறுவனத்தை அழைத்தது, புதிய மென்பொருளை எடுத்துப் போட்டுக்கொண்டது. 9 இலட்சம் வீடுகளுக்கும் ஆள் அனுப்பியிருந்தால் எத்தனை மாதம் சென்றிருக்கும்? நோய் தேடி வந்த அதே ஏற்பாட்டால்தான் மருந்தும் வந்தது. அதனால்தான் ‘இந்த வசதியையே நிறுத்திவிடுங்கள்’ என்று நான் எவருக்கும் சொல்வதில்லை. வாசலை மூடினால் மருந்தும் வராது.

மருந்து வராத பெட்டிகள் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2014 டிசம்பரில் செக் பொயின்ற் என்ற பாதுகாப்பு நிறுவனம், உலகின் 189 நாடுகளில் குறைந்தது 1 கோடி 20 இலட்சம் வீட்டுப் பெட்டிகளில் ஒரே ஓட்டை இருப்பதாக அறிவித்தது. அதுவும் இதே 7547ஆம் வாசலில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறு மென்பொருளில். அந்த ஓட்டை உருவானது 2002இல். அந்த மென்பொருளை எழுதியவர்கள் அதை 2005இலேயே அடைத்துவிட்டார்கள். ஆனால் பெட்டி செய்யும் தொழிற்சாலைகள் பழைய பதிப்பையே தொடர்ந்து போட்டு விற்றன. ஒன்பது வருடத்துக்கு முன் அடைத்த ஓட்டை புதுப் பெட்டிகளில் இருந்தது. பிரேசிலில் 2011இல் வேறொரு ஓட்டை வழியாக சுமார் 45 இலட்சம் மொடெம்களின் டி.என்.எஸ் அமைப்பு திருடர்களால் மாற்றப்பட்டது. டி.என்.எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும் விபரக்கொத்து. அது பொய்யானதாக இருந்தால், வங்கியின் பெயரைச் சரியாக அடித்தும் திருடனின் பக்கத்துக்குப் போய்ச் சேருவீர்கள். வெளிநாட்டில் இருந்து வரும் காசை நம்பி இருக்கும் குடும்பங்கள் இந்த ஒன்றைக் கவனிக்கவேண்டும்.

எங்கள் பகுதிகளில் இதற்கு ஒரு தனி வடிவம் இருக்கிறது. லண்டனில் இருந்தோ ரொரன்ரோவில் இருந்தோ உறவினர் அனுப்பும் பழைய ரவுட்டர்கள். பார்க்க விலையுயர்ந்த சாமான், மனமுவந்து அனுப்பியது, வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் அங்குள்ள நிறுவனத்தின் முத்திரை பதித்த பெட்டியில் முகாமைத்துவ சேவரின் முகவரியும் பெரும்பாலும் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். கிளிநொச்சியில் கொழுவினாலும் அது தன் பழைய எசமானைத்தான் தேடி அழைக்கும். இங்குள்ள நிறுவனத்தை அதற்குத் தெரியாது. அதனால் தானாக அமையாது. கையால் அமைத்தாலும் திருத்திய மென்பொருள் ஒருபோதும் வந்து சேராது. சில பெட்டிகள் வேறு நிறுவனத்துக்கு வேலை செய்யாதபடி பூட்டப்பட்டிருக்கும். 4ஜி பெட்டியானால் இங்குள்ள அலைவரிசை அதில் இல்லாமலும் போகலாம். அப்படியான பெட்டியைப் பிரதான வாசலில் வைக்காதீர்கள். நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால், பின்கட்டுக்கு வைபை எட்டச் செய்வதற்கு வேண்டுமானால் பாவிக்கலாம்.

நிறுவனம் தொலைவில் இருந்து செய்யும் மாற்றங்களில் நல்லெண்ணம் இருந்தாலும் பாதிப்பு எங்கள் பக்கம் விழுவதும் உண்டு. கணவரை இழந்த ஓர் அக்கா, தையல் வேலையோடு தனியாக இருக்கிறார். அவருடைய தம்பி வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பி வாசலில் சி.சி.ரி.வி கமரா பூட்டிக்கொடுத்தார். இரவில் தம்பி அங்கிருந்தே பார்ப்பார், அக்காவுக்கு அது ஒரு துணை. ஒருநாள் இரவு நிறுவனம் புதிய மென்பொருளைப் போட்டது. காலையில் இணையம் சரியாக வேலை செய்தது. ஆனால் கமராவுக்காகத் திறந்து வைத்த அமைப்பு முழுவதும் அழிந்துபோயிருந்தது. எவரும் அறிவிக்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் தம்பிக்குப் படம் வரவில்லை என்பது தெரிந்தது. உதவிச் சேவையில் தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய ஒருவர் கிடைக்க இன்னும் ஒருநாள். வீட்டில் உள்ள பெட்டியை மாற்றும்போது வீட்டுக்காரருக்கு அவருடைய மொழியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய செலவா? இது நிறுவனங்களிடம் நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக இயற்றப்பட்டிருக்கிறது. அதன் பிரிவுகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் எழுதப்பட்டவை. என்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. எனது பெட்டியில் இருந்து எதை எடுக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்பவர்கள் கூடும்போதுதான் பதில் தரும் பழக்கமும் வரும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியவை அதிகம் இல்லை, கடினமும் இல்லை. ஒட்டுத்தாளில் உள்ள வைபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதைவிட முக்கியம், பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல். பலர் அது வேறு, இது வேறு என்று அறியாமல் முதலாவதை மட்டும் மாற்றுகிறார்கள். ஒட்டுத்தாளைப் படம் எடுத்து எவருக்கும் அனுப்பாதீர்கள். சிக்கல் என்று சமூக ஊடகத்தில் அந்தப் படத்தையே போடுபவர்களும் இருக்கிறார்கள். தொடர் எண்ணும் கடவுச்சொல்லும் அதில் ஒன்றாக இருக்கின்றன. கமராவுக்குத் தனிக் கடவுச்சொல் வையுங்கள், விற்கும்போது இருந்தது வேண்டாம். வங்கிப் பக்கம் வழமைக்கு மாறாகத் தெரிந்தால், வைபையை நிறுத்திவிட்டுப் போனின் சொந்தத் தரவில் அதே பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் சந்தேகப்படவேண்டியது ரவுட்டரை.

ரி.ஆர்-069 என்ற பெயரை அமைப்புப் பக்கத்தில் கண்டு அணைக்க நினைப்பவர்களுக்கு: பைபர் இணைப்பில் தொலைபேசியும் அதனால் நிற்கக்கூடும், திருத்தங்களும் வராது. நிறுவனத்தைத் தள்ளி வைக்கவேண்டும் என்று உண்மையாகவே நினைத்தால், அவர்களின் பெட்டியை அப்படியே விட்டு, அதற்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டர் ஒன்றைப் போட்டு, எல்லாச் சாதனங்களையும் அதில் இணையுங்கள். அப்போது அவர்களின் பட்டியலில் தெரிவது ஒரே ஒரு சாதனம், உங்கள் ரவுட்டர் மட்டும்தான். அந்த ரவுட்டருக்கு மென்பொருள் போடும் பொறுப்பு உங்களுடையது என்பதை மறக்காமல் இருந்தால் இது நல்ல ஏற்பாடு.

கடைசியாக, பழைய பெட்டியைக் கொடுக்கும்போது. இடம்பெயர்ந்து வீடு மாறுபவர்கள், இணைப்பைத் துண்டிப்பவர்கள், பெட்டியைப் பழைய இரும்பு வாங்குபவரிடமோ தெரிந்தவரிடமோ அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். அதற்குள் உங்கள் இணைப்பின் பயனர் பெயரும், வைபை கடவுச்சொல்லும், சிலவேளை வீட்டுச் சாதனங்களின் பெயர்களும் இருக்கும். நிறுவனத்துக்குச் சொந்தமான பெட்டியானால் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எதுவானாலும் கொடுக்க முன்னர், மின்சாரத்தில் இருக்கும்போதே பின்பக்கத்துச் சின்னத் துவாரத்தில் ஊசியை விட்டு அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து திரும்ப எரியும்வரை விடவேண்டாம். சில பெட்டிகளுக்குப் பத்து விநாடி போதும், சிலவற்றுக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.